பெரிய பிட்ச் போட்டால் போட் பறக்குமா?

“புரொப்பெல்லரின் பிட்சைக் கூட்டினால் போதும், எந்தச் சின்ன போட்டும் பறக்கும்” என்று ஒரு குரல் பதிவு மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பாதி உண்மை. எஞ்சினைக் கொல்வது மற்றப் பாதிதான்.

பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்றில் முன்னேறும் தூரம். அது 10 அங்குலம் என்றால், தண்ணீரில் வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குப் போட் 10 அங்குலம் முன்னே போகும். சரி, 12 போட்டால்? ஒவ்வொரு அங்குலத்துக்கும் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 வரை குறையும். முழு திராட்டிலில் (முழு முடுக்கத்தில்) 5,000 முதல் 6,000 வரை சுற்றவேண்டிய எஞ்சின் 4,600இலேயே திணறினால், பிட்சைக் குறைப்பதுதான் வழி. 6,000ஐத் தாண்டிக் கத்தினால் மட்டும் கூட்டுங்கள். சுற்றுமானி இல்லாமல் இதை முடிவு செய்யவே கூடாது.

கல்லடிப் பக்கம் கரையேற்றிய ஒரு போட்டின் அடியைத் தடவிப் பார்த்தேன். பாசி வழவழத்தது, மட்டி ஒட்டியிருந்தது, வாவித் தரையில் உரசிய புரொப்பெல்லர் இதழின் ஓரம் மடிந்திருந்தது. அதற்குப் புதுப் புரொப்பெல்லர் வாங்கக் காசு தேடிக்கொண்டிருந்தார்கள்! முதலில் சுரண்டிக் கழுவுங்கள், இதழை நேராக்குங்கள்.

அப்புறம், போட்டின் பின்பக்கம் மாட்டிய எஞ்சினின் உயரம். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு போட்டின் அடிமட்டத்தோடு இருக்கட்டும். பந்தயக்காரர் கொஞ்சம் உயர்த்துவார்கள். ஆனால் எஞ்சினைக் குளிர்வித்துப் பின்னால் பீச்சும் நீர் மெலிந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.