ஐநா அமைதிப்படையின் நீலத் தலைக்கவசம் தண்டனையிலிருந்து காக்குமா?

தேசிய சேவையாற்றும் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “ஐநா அமைதிப்படை வீரர் என்ன குற்றம் செய்தாலும் உலகில் எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்க முடியாது.” இது தவறு.

ஆனாலும் இதற்குள் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது. வீரர் பணியாற்றும் நாட்டின் நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது என்பது, ஐநா அந்நாட்டுடன் செய்துகொள்ளும் உடன்பாட்டில் வழக்கமாக இடம்பெறும் விதி; அதே விதிதான் விசாரிக்கும் அதிகாரத்தை அவரை அனுப்பிய நாட்டிடம் ஒப்படைக்கிறது. போர்ச் சட்டங்களை மீறுவோர் தத்தம் நாட்டு நீதிமன்றங்களில் வழக்கை எதிர்நோக்குவர் என்று, அப்போதைய ஐநா தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் 1999 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கையும் சொல்கிறது. சிங்கப்பூர் ஆயுதப்படைச் சட்டம் வெளிநாடு செல்லும் நம் வீரர்களுக்கும் பொருந்தும்.

சோமாலியாவில் 1993 மார்ச் மாதம், முகாமுக்குள் நுழைந்த 16 வயதுச் சிறுவனைக் கனடிய வான்குடைப் படையினர் பதுங்குகுழியில் கட்டிவைத்து அடித்தே கொன்றனர். (அவர்கள் ஐநா ஒப்புதலுடன் சென்ற, அமெரிக்கா தலைமையிலான படையினர், நீலத் தலைக்கவசக்காரர்கள் அல்லர்.) கனடிய இராணுவ நீதிமன்றம் ஒருவருக்கு 5 ஆண்டுச் சிறை விதித்தது, 1995ல் அந்தப் படைப்பிரிவே கலைக்கப்பட்டது.

அனுப்பிய நாடு மெத்தனம் காட்டினால் குற்றவாளி தப்பலாம் என்பதே உண்மையான குறை. ஹெய்ட்டியிலிருந்து 2007ல் பாலியல் குற்றச்சாட்டின்பேரில் திருப்பியனுப்பப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கை வீரர்களில் எவரும் சிறைக்குச் செல்லவில்லை என்று ஏபி செய்தி நிறுவனம் 2017ல் வெளிப்படுத்தியது.