எட்டு மணி நேரம் தூங்கினால் போதுமா?

‘எட்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் சரி, பகலா இரவா என்பது முக்கியமில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2012இல் உயிரியல் ஆய்வாளர் சமர் ஹத்தாரின் குழுவினர் எலிகளை மூன்றரை மணி நேரம் வெளிச்சம், மூன்றரை மணி நேரம் இருட்டு என மாறிமாறி வைத்துப் பார்த்தார்கள். மொத்தத் தூக்கம் குறையவில்லை. ஆனாலும் எலிகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. சர்க்கரைத் தண்ணீரில்கூட நாட்டம் குறைந்தது, கற்கும் திறனும் மங்கியது. விழித்திரையில் வெளிச்சத்தின் அளவை உணர்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அவை இல்லாத எலிகளுக்கு இந்தப் பாதிப்பு வரவில்லை.

எலியும் மனிதனும் ஒன்றல்ல, சரி. ஆனால் அதே வகைச் செல்கள் நமக்கும் இருக்கின்றன. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உள்ள உடல் கடிகாரத்துக்கு அவைதான் பொழுதைச் சொல்கின்றன. இரவுப்பணி முடிந்து காலை வெயிலில் வீடு திரும்பும்போது, அந்த வெளிச்சம் கடிகாரத்தை மறுபடி பகலுக்கே இழுக்கிறது. அதனால்தான் பகலில் படுத்தால் தூக்கம் பாதியில் கலைகிறது. இரவெல்லாம் விழித்த செவிலியரிடம், ‘பகல் முழுக்கத் தூங்கினாயே, அப்புறம் என்ன எரிச்சல்?’ என்று கேட்பது நியாயமே இல்லை. அவர் படுக்கும் அறைக்குக் கனமான திரை போட்டுக் கொடுத்தால் ஓரளவு உதவும்.