தேவாலயத்தின் திறப்பு (சாவி) யார் கையில்?

லண்டனில் நாங்கள் இருக்கும் பகுதியில் இன்னொரு தேவாலயத்தை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. பேச்சு வந்தவுடனேயே வழக்கமான இரண்டு அணிகளும் கிளம்பிவிட்டன. "புனிதமான இடம், கை வைக்காதீர்கள்" என்று ஒரு பக்கம். "விற்று பிளாட் கட்டுங்கள், எத்தனை பேர் வீடில்லாமல் இருக்கிறார்கள்" என்று மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குரல், "அயலுக்குப் பொது இடமாக்கினால் என்ன?" என்று கேட்கிறது. நான் அந்தச் சின்னக் குரலின் பக்கம். ஆனால் அங்கே நிற்கிறவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதற்குத்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்துத் திருச்சபையிடம் மட்டும் ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000க்கு மேல் மரபுச் சின்னங்களாகப் பட்டியலிடப்பட்டவை. அதாவது அனுமதியில்லாமல் இடிக்க முடியாது, நினைத்தபடி மாற்றவும் முடியாது. ஒரு வாரத்தில் வழிபாட்டுக்கு வருகிறவர்கள் நாடு முழுக்க 7 இலட்சம் பேர் அளவில். வகுத்துப் பாருங்கள், ஒரு கட்டடத்துக்கு நாற்பது சொச்சம் பேர். நகரத்துப் பெரிய தேவாலயங்களில் கூட்டம் கூடுவதால் கிராமப்புறத்தில் பத்துப் பேர்கூட இல்லாத இடங்கள் ஏராளம். அந்தப் பத்துப் பேரும் பெரும்பாலும் ஓய்வூதியம் எடுக்கிறவர்கள். அவர்கள்தான் எழுநூறு எண்ணூறு வருடப் பழமையான கூரையைக் காப்பாற்ற வேண்டும். இரவில் வந்து கூரையின் ஈயத் தகட்டை உரித்துக்கொண்டு போகிற கள்வர்கள் வேறு. பழுதுபார்க்கும் செலவில் வற் (VAT) வரியைத் திருப்பிக் கொடுக்கும் அரசு உதவி ஒன்று இருந்தது. அதற்கும் 2025இல் ஒரு தேவாலயத்துக்கு வருடத்துக்கு 25,000 பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள். பெரிய கூரை வேலை ஒன்றுக்குச் சாரம் கட்டினாலே அதில் பெரும் பகுதி போய்விடும்.

ஆகவே "கை வைக்காதீர்கள்" என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காசு யார் தருவது? பிளாட் கட்டச் சொல்கிறவர்களுக்குச் சொல்வது: தேவாலயத்தை உடைத்துக் கட்டும் பிளாட்டில் வீடில்லாத ஒருவரும் குடியேறி நான் பார்த்ததில்லை. வண்ணக் கண்ணாடி யன்னலைக் காட்டி விலையை ஏற்றி விற்கிறார்கள். அதன்பிறகு வாசலில் இலக்கப் பூட்டு. ஊர்ச் சனம் இருநூறு வருடம் கலியாணமும் செத்தவீடும் நடத்திய இடத்துக்குள் ஊர்ச் சனம் போக முடியாது.

பொது இடமாக்குவது நவீன காலத்துக் கூத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய காலத்தில் பீடம் இருந்த கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது குருவானவரின் பொறுப்பு, சனம் நிற்கிற நடுக்கூடம் சனத்தின் பொறுப்பு. கூரை போட்டதும் அவர்கள், பாவித்ததும் அவர்கள். அங்கே கூட்டம் கூடினார்கள், வழக்குப் பேசினார்கள், பியர் காய்ச்சி விற்று அந்தக் காசில் தேவாலயத்தைத் திருத்தினார்கள். (எங்கள் கோயில் நிர்வாகங்கள் கவனிக்க: யோசனை சொல்லவில்லை, வரலாறு சொல்கிறேன்.) நிலத்தோடு பூட்டிய வாங்குகள் பொதுவழக்கானது பிற்காலத்தில்தான். நீண்ட பிரசங்கம் வந்தது, உட்கார இடம் தேவைப்பட்டது. இன்று அந்த வாங்குகளில் நாலைந்தை அகற்றவே மறைமாவட்ட நீதிபதியிடம் முறைப்படி அனுமதி எடுக்க வேண்டும். விக்டோரியா காலத்து மரவேலை என்றால் அதைக் காக்கவென்றே இருக்கும் சங்கம் எதிர்ப்புக் கடிதத்தோடு வந்து நிற்கும். அவர்களிலும் முழுப் பிழை சொல்ல மாட்டேன். சில வாங்குகள் உண்மையில் வடிவானவை. ஆனால் ஞாயிறு தவிர ஆறு நாளும் வெறுமையாகக் கிடக்கிற வாங்கு.

செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. வெஸ்ட் ஹம்ப்ஸ்டெட்டில் சென் ஜேம்ஸ் தேவாலயத்துக்குள்ளேயே 2014இல் தபாலகம் திறந்தார்கள். பக்கத்தில் கோப்பிக் கடை, குழந்தைகள் ஏறி விழுந்து விளையாட ஓர் இடம். ஞாயிறு வழிபாடும் நடக்கிறது. பென்ஷன் எடுக்க வருகிற கிழவிக்கு அது தபாலகம், பிள்ளையோடு வருகிற தாய்க்கு மழைக்கு ஒதுங்க ஓர் இடம். வட இங்கிலாந்தில், போல்ட்டனில் ஓல் சோல்ஸ் தேவாலயம் இன்னும் பெரிய கதை. 1880களின் தொடக்கத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. 1986இல் மூடினார்கள். சுற்றியுள்ள தெருக்களில் தெற்காசிய முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்துவிட்டன. பல வருடம் பூட்டிக் கிடந்து, 2014 டிசம்பரில் அயலவர் நிலையமாகத் திறந்தது. நடுக்கூடத்தின் சுவர்களைத் தொடாமல் உள்ளே தனியாக நிற்கும் அடுக்குகளாக அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துவிடலாம், தேவாலயம் அப்படியே நிற்கும். அந்த வேலையை முன்னின்று இழுத்தவர் அதே பகுதியில் வளர்ந்த ஒரு முஸ்லிம். செலவு ஏறத்தாழ 5 மில்லியன் பவுண்டு, பெரும் பங்கு லொத்தர் நிதியிலிருந்து. அத்தனை பணம் எல்லா ஊருக்கும் கிடைக்காது என்பதும் தெரியும்.

சரி, இனி என் வழக்கு.

என் பிள்ளைகள் தமிழ் படித்தது ஒரு தேவாலய மண்டபத்தில். சனிக்கிழமை காலையில் போனால் முதல் வேலை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கதிரைகளை இறக்குவது. நிலத்தில் பாட்மிண்டன் கோடுகள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாலர் வகுப்பு, அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு. நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லாததால் 'அ, ஆ' சத்தத்தை மீறி ஆத்திசூடியைக் கத்திச் சொல்ல வேண்டும். சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது, ஆகவே பிள்ளைகள் கீறிய படங்கள் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பும். புத்தகம் வைக்கப் பூட்டோடு ஓர் அலுமாரி கேட்டோம். இடமில்லை என்றார்கள். பாடநூல்கள் எல்லாம் அதிபர் அக்காவின் கார் டிக்கியிலேயே வருடக்கணக்கில் வாழ்ந்தன. குசினியில் தேத்தண்ணி போடலாம், சமைக்கக் கூடாது. பொங்கல் விழாவுக்குப் பொங்கலை வீட்டில் பொங்கிக் கொண்டுவந்தோம். ஒரு மணி அடிக்கும்போது பராமரிப்பாளர் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். நல்ல மனிதர். அவருக்குப் பின்னால் யோகா வகுப்பு ஆட்கள் பாயோடு நிற்பார்கள்.

வாடகைக்கு எடுப்பதில் பிழை ஒன்றும் இல்லை, அந்த மண்டபம் இல்லாவிட்டால் எங்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. ஆனால் இதைத்தான் "சமூகத்துடன் பகிர்கிறோம்" என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். அத்தனை வருடத்தில் ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிற ஒருவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்களுடையது அவர்களுக்குத் தெரியாது. பதிவேட்டில் நாங்கள் ஒரு வரி, யோகா ஒரு வரி, குடிப்பழக்கத்தை விடுகிறவர்களின் கூட்டம் ஒரு வரி. ஒரே கூரைக்குக் கீழே ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே மாறி மாறி வந்து போகிறோம். கடைசியில் அந்தக் கட்டடத்தை விற்கும் பேச்சு வரும்போது, அதற்காக வாய் திறக்க ஒருவருக்கும் உரிமையும் இல்லை, அக்கறையும் இல்லை. யோகாக்காரர் வேறு மண்டபம் தேடிப் போவார். நாங்களும் போவோம்.

ஆகவே மூடுவதற்கு முன்பே, நாற்பது பேர் இன்னும் வருகிற காலத்திலேயே, அயலைக் கூப்பிட்டு நிர்வாகத்தில் உட்கார வையுங்கள் என்பதுதான் என் கட்சி. சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. 2006இல் வந்த திருத்தத்தின்படி, வழிபாடு முதன்மைப் பயன்பாடாக இருக்கும்வரை, தேவாலயத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கே கொடுக்கலாம். பீடத்துப் பக்கம் திருச்சபையிடம் இருக்கட்டும். நடுக்கூடத்தின் மேற்குப் பாதியை அயலவர் அமைப்பு ஒன்றின் பெயரில் எழுதுங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அலுமாரியும் ஒரு திறப்பும் கொடுங்கள். அதற்குப் பதிலாக எங்களிடம் வேலை வாங்குங்கள். கூரை ஒழுகினால் வாளி வைக்கவும், நிதி சேர்க்கச் சோறும் கறியும் விற்கவும், கூட்டத்தில் இருந்து கொட்டாவி விடவும் நாங்கள் வர வேண்டும். 2022 குளிர்காலத்தில் மின்சாரக் கட்டணம் எகிறியபோது நிறையத் தேவாலயங்கள் "வந்து குளிர் காயுங்கள்" என்று கதவைத் திறந்தன. அருமையான காரியம். ஆனால் அங்கேயும் ஒருவர் விருந்தாளி, ஒருவர் வீட்டுக்காரர். விருந்தாளி எத்தனை நாள் வருவார்?

இனி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவோம். இதுவரை "நல்லா சொன்னீங்கள்" என்று வாசித்துக்கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

இந்த நகரத்தில் அடுத்தவரின் ஆலயம் கைமாறியதால் பயன் பெற்றவர்கள் நாங்கள். பிரிக் லேன் பள்ளிவாசலின் கதை பலருக்குத் தெரியும்: 1743இல் பிரெஞ்சு அகதிகள் கட்டிய புரட்டஸ்தாந்து ஆலயம், பிறகு மெதடிஸ்தர், பிறகு யூதர், 1976 முதல் வங்காள முஸ்லிம்கள். எங்கள் ஆர்ச்வே வீதி முருகன் கோயிலும் அந்த வரிசையில்தான் வருகிறது. முதலில் பப்ரிஸ்ற் ஆலயம், பிறகு யூதர்களின் தொழுகைக்கூடம், 70களின் இறுதியில் எங்கள் கைக்கு வந்தது. 2002இல் எலிசபெத் மகாராணி வந்து போன கோயில் அது. ஊரில், யாழ்ப்பாணத்திலும் இது புதிதில்லை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் கூரையில்லாமல் கிடந்த பழைய தேவாலயத்தைத் திருத்தித்தான் வேலையைத் தொடங்கினார்கள், 1823இல் அங்கே செமினரி வந்தது. பிற்காலத்தில் நடந்தது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1987 ஒக்டோபரில் சண்டைக்குத் தப்பி ஆயிரக்கணக்கான சனம் நல்லூர்க் கந்தன் கோயில் வீதியில் படுத்துக் கிடந்தது. 1995 ஜூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அந்தச் சனத்தை வாசலில் மறித்து நீ சைவமா, கிறிஸ்தவமா என்று யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட நாங்கள் லண்டனில் கோயில் மண்டபங்களை எப்படி வைத்திருக்கிறோம்? மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தினால் மாலைவரை பூட்டு. வார இறுதியில் கலியாணம், அரங்கேற்றம், சாமத்தியவீடு, எல்லாம் மணிக்கணக்கு வாடகை. தேவாலயத்தார் எங்களுக்குச் செய்ததை நாங்கள் எங்கள் ஆட்களுக்கே செய்கிறோம், கொஞ்சம் கூடின விலைக்கு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்கோ எதிர்வீட்டுச் சோமாலியக் குடும்பத்துக்கோ கோயில் என்றால், திருவிழா நாளில் தங்கள் வாசலை மறித்து நிற்கிற கார்கள்தான். இத்தனைக்கும் கோயில்கள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள். வழிபாட்டு இடம் என்று கட்டட வரியிலிருந்தும் விலக்கு. அந்த விலக்கின் பாரத்தைத் தாங்குகிறவர்களில் அந்தக் கிழவரும் ஒருவர்.

இதை எங்கள் கோயில் நிர்வாகத்தில் உள்ள ஒருவரிடம் கதைத்துப் பார்த்தேன். செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் நடை சாத்தியிருக்கும் நேரம் மண்டபத்தை அயலில் தனியாக இருக்கிற முதியவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று.

"தம்பி, நல்ல விசயம்தான். ஆனா அவை நாளைக்கு மச்சச் சாப்பாட்டோட வந்தா?"

"அண்ணை, கலியாணத்துக்கு எடுக்கிற எங்கட ஆக்கள் கார் பார்க்கில போத்தல் திறக்கேல்லையே? அவைக்கு விதி சொன்ன மாதிரி இவைக்கும் சொல்லுங்கோ."

சிரித்தார். பிறகு இன்சூரன்ஸ் என்றார். இன்சூரன்ஸ் நியாயமான கேள்வி, விசாரித்துப் பார்க்கலாம். சப்பாத்தைக் கழற்றச் சொல்வது ஒரு பெரிய விசயமே இல்லை, இந்த நாட்டில் பாதி வீடுகளில் கழற்றுகிறார்கள். மூலஸ்தானப் பக்கம் போகாமல் மண்டபத்துக்குத் தனி வாசலும் இருக்கிறது. தேத்தண்ணி, வடை, ஒரு கரம்போர்ட், யாராவது ஒரு ஆள் கவுன்சில் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்த. இதற்கு மேல் தொடக்கத்தில் ஒன்றும் தேவையில்லை. அயலவர் இரண்டு பேரை மண்டபக் குழுவில் எடுக்க வேண்டும் என்று சொன்னபோதுதான் அண்ணையின் முகம் மாறியது. அங்கேதான் சிக்கல் என்று எனக்கும் தெரியும். வடை கொடுக்க எல்லோரும் ஓம், திறப்பைக் கொடுக்க மட்டும் பொதுக்கூட்டம் வேண்டும்.

பொதுக்கூட்டம் வருகிறது. தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன்: வாரத்தில் இரண்டு பின்னேரம், ஒரு வருடம் பரீட்சார்த்தமாக, குழுவில் அயலவர் இருவர். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய அங்கத்துவம் உள்ள ஒருவர் வேண்டும். விருப்பமானவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். "அருமையான பதிவு அண்ணா" என்று கீழே எழுதிவிட்டு அன்றைக்கு மட்டும் காணாமல் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.