எந்த லைன்யா?

இந்த 'லைன்'ங்கிற வார்த்தையை ஒரு வருஷத்துக்காவது கடலூர் எல்லைக்குள்ள தடை பண்ணுங்கப்பா. புண்ணியமாப் போகும்.

ராத்திரி மஞ்சக்குப்பத்துல கரண்ட் கட். புழுக்கம் ஒரு பக்கம், கொசு ஒரு பக்கம். புகார் நம்பருக்கு அடிச்சா, ஒரு தம்பி ரொம்ப நிதானமாப் பேசறாரு.

"லைன் போயிடுச்சு சார்."

"எந்த லைன்?"

"மெயின் லைன்."

"ஆளு போயிருக்காங்களா?"

"லைன்மேன் லைன்லதான் இருக்கார் சார்."

"அப்ப அவர்கிட்டயே குடுங்க, பேசறேன்."

"ஃபோன் லைன்ல இல்ல சார், கம்பத்துல. லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்."

இருந்தேன். அந்த லைனும் கட். திரும்ப அடிச்சா லைன் பிஸி! 1962லேர்ந்து நெய்வேலியில கரண்ட் தயாரிக்கிற மாவட்டம் இது. சரி விடுங்க, அது தனிக் குமுறல்.

மறுநாள் ஒரு சர்டிஃபிகேட்டுக்காக ஒரு ஆபீஸ்ல நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு பாட்டி, மஞ்சப்பையை மாரோட அணைச்சுக்கிட்டு. கவுன்ட்டர்ல இருந்தவர் தலையே நிமிரல. "ஆன்லைன்ல போட்டுட்டு லைன்ல வாங்கம்மா."

"லைன்லதானேப்பா வந்தேன்?"

"இந்த லைன் இல்ல, ஆன்லைன்!"

பாட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா? பக்கத்துல இருந்த இன்னொரு வரிசையில போய் கடைசியா நின்னுக்குச்சு. அது முதியோர் பென்ஷன் வரிசை. நான் போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள சாப்பாட்டு நேரம்னு ஜன்னலைச் சாத்திட்டாங்க.

நான் ஒண்ணும் தனித்தமிழ் ஆளு இல்ல. பஸ்ஸை பஸ்னுதான் சொல்லுவேன். இங்கிலீஷ்காரனையும் குத்தம் சொல்ல மாட்டேன். லத்தீன்ல ஆளிச் செடிக்கு 'லினும்'னு பேரு. அதோட நூல்லேர்ந்து வந்ததுதான் லைன். அந்த ஒரே நூலை இழுத்து இழுத்து கோடு, கயிறு, பாட்டு வரி, நாடக வசனம், வம்சம், தண்டவாளம், பண்ற தொழில்னு எல்லாத்துக்கும் கட்டிட்டான். ஆனா அவன் பெரும்பாலும் முன்னாடி பின்னாடி ஒரு வார்த்தை ஒட்டிச் சொல்றான், பேச்சு எதைப் பத்தின்னு தெரியுது. நம்மாளுங்க தலையையும் வாலையும் நறுக்கிட்டு நடுவுல இருக்கிற 'லைன்'ஐ மட்டும் நம்ம கையில குடுக்கிறாங்க.

ரயிலைக் கேட்டா அதுக்கு மேல. விழுப்புரத்துலேர்ந்து கடலூர், மாயவரம், தஞ்சாவூர் வழியா திருச்சி போறதுக்குப் பேரு 'மெயின் லைன்'. விருத்தாசலம், அரியலூர் வழியா குறுக்கால போறது 'கார்டு லைன்'. வைகையும் பாண்டியனும் கார்டு லைன்ல பறக்குது. நாம மெயின் லைன்ல உக்காந்து பெருமையா வேடிக்கை பாக்கறோம். இதுல 'மெயின்' எங்கய்யா இருக்கு?

இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்களைக் குடும்பம் குடும்பமா அடைச்ச வரிசை வீட்டுக்கு வெள்ளைக்காரன் 'லைன்'னு பேரு வச்சான். நம்ம சனம் அதை லயம், லயன்னு தன் வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக்கிச்சு. லயம்னா எதுன்னு அங்க யாருக்கும் சந்தேகம் வராது.

எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல குழப்பமே இல்லாம புழங்குற ஒரே லைன், சில்வர் பீச்ல பசங்க அடிக்கிறதுதான். அது பொண்ணுக்கும் புரியுது, பொண்ணோட அண்ணனுக்கும் புரியுது.

1690ல இங்கிலீஷ் கம்பெனிக்காரன் நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்கிட்ட விலைக்கு வாங்கினான். எல்லை எதுவரைக்கும்னு பேச்சு வந்தப்ப நாலாபக்கமும் பீரங்கி சுட்டான். குண்டு எட்டின தூரம் வரைக்கும் அவனோடது. அந்த ஊருங்களுக்குக் 'குண்டு கிராமம்'னே பேரு. அராஜகம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பாவி கூட தன் லைன் எதுன்னு சுட்டுக் காட்டிட்டான்! நீங்க ஃபோனை எடுத்து ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்றதுக்கு என்ன கேடு?

கம்பி அறுந்துச்சா, சர்வர் படுத்துச்சா, வரிசை மாறிடுச்சா, எதுவோ அதைச் சொல்லுங்க. ஒண்ணுமே தெரியலைன்னா 'தெரியாது சார்'னு சொல்லித் தொலைங்க. அதுவாவது புரியும்.