வில்லோ தட்டின் கதை சீனத்துத் தொன்மக் கதை அன்று

நீலமும் வெள்ளையுமான தட்டில் வில்லோ மரம், மூவர் கடக்கும் பாலம், மேலே இரு பறவைகள். இது பறவைகளாக மாறிய காதலரைப் பற்றிய பழஞ்சீனக் கதை என்றும், சீனக் கைவினைஞர் அதைத் தட்டில் வரைந்தனர் என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. அது தவறு.

இந்த வடிவம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சீன ஏற்றுமதிப் பீங்கானின் நிலக்காட்சிகளைப் பார்த்து, இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் உருவானது. காதல் கதை அதற்கும் பிந்தியது. தட்டு விற்பனைக்கு வந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1849-இல் ஓர் ஆங்கில இதழில் அது அச்சானது.

ஸ்டாஃபர்ட்ஷயரில் இத்தட்டுகளைச் செய்யத் தூரிகைக்கும் பெரிதாக வேலை இல்லை. செதுக்கிய செப்புத் தகட்டில் நீல நிறம் தரும் கோபால்ட் மையைத் தேய்த்து, மெல்லிய தாளில் எடுத்து, சுட்ட மண்பாண்டத்தின்மேல் ஒற்றி, பிறகு மெருகு பூசிச் சுட்டார்கள். பழைய தட்டு கிடைத்தால் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். தாள்கள் சந்தித்த இடத்தில் கோலம் சற்றே பொருந்தாமல் நிற்பதைப் பல தட்டுகளில் காணலாம்.

சீனாவின் தாக்கம் மெய்யானது, ஆழமானது. அதை நிறுவப் பொய்க்கதை தேவையில்லை. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் இத்தகைய தட்டுகளின் விவரங்களைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் அனுப்பாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.