தீனிப் பூச்சியும் உயிர்தான் என்பதை விற்பவர்கள் எப்போது ஒப்புக்கொள்வார்கள்?

பல்லி, ஓணான் வகைகளை வீட்டில் வளர்க்கத் தொடங்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே பொய் சொல்லப்படுகிறது: "தீனிக்கு வாங்கும் சுவர்க்கோழிகளை ஒரு டப்பாவில் போட்டு, ஒரு துண்டு கேரட்டை வையுங்கள், அதுபாட்டுக்குக் கிடக்கும்." கிடப்பதில்லை, செத்துப்போகின்றன. கூண்டு, விளக்கு, வெப்பமானி என்று மணிக்கணக்கில் விளக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பல்லியின் வயிற்றுக்குள் போகப்போகும் உயிரைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்ல மனமில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

விற்கப்படும் டப்பாவையே பாருங்கள். பூச்சிகள் ஒளிந்துகொள்ள உள்ளே வைத்திருக்கும் முட்டை அடுக்கும் அட்டையை மெல்லத் தூக்கினால் அடியில் உதிர்ந்த கால்களும், கருத்துச் சுருங்கிய உடல்களும், ஈரத்தில் ஒட்டிப்போன எச்சமும் கிடக்கின்றன. மூடியைத் திறந்த கணமே அம்மோனியா நெடி மூக்கில் ஏறுகிறது. நெரிசல், காற்றோட்டமின்மை, தேங்கிய ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சுவர்க்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடியும் என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியாததல்ல. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் அதில் மூழ்கிச் சாகின்றன. வைக்காவிட்டால் தாகத்திலும் பசியிலும் ஒன்றையொன்று தின்கின்றன. அகலமான பெட்டி, கம்பி வலை, செங்குத்தாக நிறுத்திய முட்டை அட்டைகள், கிண்ணத்துக்குப் பதில் நீர் உறிஞ்சிய ஜெல், ஏறக்குறைய 30 டிகிரி வெப்பம், செத்தவற்றை அன்றாடம் அகற்றும் பொறுமை: இவ்வளவும் வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்? பிளாஸ்டிக் வலை போட்டால் அதைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும் என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை.

இதன் விலையைக் கொடுப்பது பல்லி. சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். பூச்சி தின்னும் பல்லிக்கோ கால்சியம்தான் கூடுதலாக வேண்டும். அதனால்தான் உணவாகக் கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பூச்சிகளுக்குச் சத்தான கீரையும் தீவனமும் ஊட்டி, கொடுக்கும் நேரத்தில் கால்சியம் பொடியைத் தூவ வேண்டியிருக்கிறது. தூவிய பொடியையும் பூச்சி சிறிது நேரத்தில் தன் உடலிலிருந்து துடைத்து உதிர்த்துவிடும் என்பதால், பல்லி உடனே தின்னும் அளவுக்கே கொடுக்க வேண்டும். பட்டினி கிடந்த பூச்சி வெறும் கூடு. அதையே மாதக்கணக்கில் தின்ற குட்டிக்குத் தாடை மென்மையாகி, கால்கள் வளைந்து, எலும்பு நோய் வந்த பிறகு, "சரியாக வளர்க்கத் தெரியவில்லை" என்று வளர்த்தவர்மீதே பழி போடுகிறார்கள்.

அதோடு வருகின்றன இலவச யோசனைகள். "தோட்டத்தில் பிடித்துப் போடுங்களேன்" என்பவர்கள், அந்தப் பூச்சி எந்த மருந்து தெளித்த இலையைத் தின்றது என்று சொல்வார்களா? மருந்தே படாவிட்டாலும், ஒரே ஒரு மின்மினி தன் உடலிலுள்ள நஞ்சால் தாடி ஓணானின் (bearded dragon) உயிரைப் பறித்துவிடும். "தீனிக்கு வாங்கும் எல்லாப் புழுவையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்" என்பது இன்னொன்று. சிறிய மாவுப்புழுவுக்கு அது பொருந்தும், பெரிய சூப்பர்வார்ம் புழுவோ குளிரில் செத்துப்போகும். "மீதியைக் கூண்டிலேயே விட்டுவிடுங்கள், பசித்தால் தின்னும்" என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை: இரவில் பசித்த சுவர்க்கோழிகள் தூங்கும் பல்லியின் விரல்களையும் கண்ணோரத்தையும் கடித்துப் புண்ணாக்கும்.

2010 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகளில் டென்சோ வைரஸ் என்ற பூச்சிக் கிருமி பரவிச் சுவர்க்கோழிகளைப் பெருமளவில் அழித்தபோது, தீனிப் பூச்சி என்பது எவ்வளவு எளிதில் நலியக்கூடிய உயிர் என்று அந்த வணிகத்துக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் நான் வாங்கும் இடத்தில் இந்தப் பூச்சிகளுக்குக் கடைசியாக என்றைக்குத் தீனி வைத்தீர்கள் என்று கேட்டபோது, "விற்கிற பூச்சிக்கு எதற்குத் தீனி?" என்ற பதில்தான் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லாத எவரிடமும் இனி ஒரு டப்பாகூட வாங்கப்போவதில்லை. ஈர மண்ணில் முட்டையிடவைத்து, குஞ்சிலிருந்து நானே வளர்த்துக்கொள்கிறேன்.