ஆண்டு முழுவதும் வாய் திறக்காத மேலாளர், அப்ரைசல் அன்று மட்டும் தீர்ப்புச் சொல்வதா?

ஒருவருடைய ஓராண்டு உழைப்பைப் பதினைந்து நிமிட அழைப்பில், அதுவும் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு, ஒற்றை எண்ணால் முடித்துவைக்கும் வழக்கம் நம் மென்பொருள் நிறுவனங்களில் இயல்பான ஒன்றாகிவிட்டதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரை வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் எதற்குள் நுழைந்தாலும், நிதியாண்டு முடிந்த கையோடு இதே காட்சிதான் நடக்கிறது. அப்ரைசல் எனப்படும் ஆண்டு மதிப்பீட்டுக்காகச் சுயமதிப்பீட்டுப் படிவம் வருகிறது; ஊழியர் இரவில் கண்விழித்து, பழைய மின்னஞ்சல்களைத் தோண்டியெடுத்து, தாம் செய்த வேலைகளை ஒன்றுவிடாமல் அதில் நிரப்புகிறார்; சில வாரங்கள் கழித்து மேலாளர் அழைத்து, ரேட்டிங் ஐந்துக்கு மூன்று என்கிறார். ஏன் மூன்று என்று கேட்டால் எல்லா நிறுவனங்களிலும் ஒரே பதில்தான் வருகிறது: "உனக்காக நான் மேல எவ்வளவோ பேசிப் பார்த்தேன்பா. பெல் கர்வ்ல இடிக்குது. என் கையில ஒண்ணும் இல்ல."

இந்தப் பதிலைப் போன்ற கோழைத்தனம் வேறில்லை. பெல் கர்வ் எனும் மணி வடிவ வளைவு என்பது, ஒரு குழுவில் இத்தனை விழுக்காட்டினர்தான் சிறந்தவர்களாக இருக்கலாம், இத்தனை பேர் நடுவில் நிற்க வேண்டும், இத்தனை பேர் கட்டாயம் கடைசியில் இருந்தாக வேண்டும் என்று வேலையைப் பார்ப்பதற்கு முன்பே பங்கு பிரித்துவைக்கும் ஏற்பாடு. 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தை நடத்திய ஜாக் வெல்ச் மேல்தட்டில் 20, நடுவில் 70, கடைசியில் 10 விழுக்காடு என்று பிரித்து இதைப் புகழ்பெறச் செய்தார். அவரைப் பார்த்து உலகமே பின்தொடர்ந்தது. ஆனால் அடோபி நிறுவனம் 2012-லேயே ஆண்டு மதிப்பீட்டைக் கைவிட்டு, அவ்வப்போது பேசித் தீர்த்துக்கொள்ளும் முறைக்கு மாறிவிட்டது; மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்தக் கட்டாயத் தரவரிசையைத் தூக்கியெறிந்தது. மனிதர்களின் செயல்திறன் மணி வடிவ வளைவில் அமைகிறது என்பதற்கே ஆதாரம் பலவீனமானது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்து ஓ'பாயல், அகினிஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலான துறைகளில் செயல்திறன் அந்த வளைவுக்குள் அடங்குவதில்லை என்று காட்டியது. அப்படியிருக்க, எட்டுப் பேர் மட்டுமே உள்ள ஒரு குழுவின் மீது அந்த வளைவைப் போர்த்தி, இருவரை மேலே தூக்கி ஒருவரைக் கீழே தள்ளுவது எந்தக் கணிதத்தில் சேர்த்தி?

ஆனாலும் என் கோபம் அந்த வளைவின் மீது அல்ல. அதை உருவாக்கியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அன்றாடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் தினமும் முகம் பார்த்து, நள்ளிரவு வாட்ஸ்அப்பில் "இது முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, ஆண்டு இறுதியில் மட்டும் அந்த வளைவின் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற மேலாளரின் மீதுதான் என் கோபம் முழுவதும்.

என்னுடன் பணியாற்றிய ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளரின் பழைய தரவுத்தளத்தைப் புதிய தளத்துக்கு மாற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது. அமெரிக்க நேரத்துக்குத் தூக்கத்தை மாற்றிக்கொண்டு, வார இறுதிகளையும் விட்டுக்கொடுத்து, ஒரு தகவலும் தொலையாமல் அவர் அதை முடித்துக் கொடுத்தார். வாடிக்கையாளர் பாராட்டி அனுப்பிய மின்னஞ்சலை மேலாளர் தம் மேலதிகாரிக்கு அனுப்பியபோது, "எங்கள் குழு சாதித்தது" என்று எழுதினாரே தவிர, அந்தப் பெண்ணின் பெயரைக் குறிப்பிடவில்லை. அப்ரைசல் முடிவு வந்த அன்று அந்தப் பெண் கணினியைத் திறந்து, மேலாளரின் கருத்துக்கான பெட்டியைப் பார்த்தார். நான்கு வரிகள் இருந்தன. மூன்றாவது வரியில் வேறொருவருடைய பெயர் இருந்தது. பக்கத்துக் குழுவில் இருக்கும் ஓர் ஆண் ஊழியருக்கு எழுதியதை அப்படியே காப்பி செய்து ஒட்டிய மேலாளர், பெயரை மாற்றக்கூட மறந்துவிட்டார். அந்தப் பெண் செய்யாத ஒரு சோதனைப் பணியில் "இன்னும் கவனம் தேவை" என்ற அறிவுரையும் அதில் சேர்ந்தே வந்திருந்தது. அவர் மனிதவளப் பிரிவான எச்.ஆரிடம் போனார். "அது எழுத்துப் பிழைம்மா, ரேட்டிங் ஏற்கெனவே ஃப்ரீஸ் ஆயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருவரின் ஓராண்டு வாழ்க்கையைப் படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்துவதற்கு எழுத்துப் பிழை என்று பெயர் வைத்தார்கள்!

தலைமை என்பதற்கு நான் பெரிய விளக்கங்கள் எதையும் கேட்கவில்லை. ஜூலையில் என் வேலையில் குறை தெரிந்தால் ஜூலையிலேயே என்னை அழைத்து, என்ன குறை, எங்கே நடந்தது, எப்படித் திருத்த வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதைச் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் எதிரே இருப்பவர் முகம் சுருங்கும், வாதிடலாம், அழவும் செய்யலாம். அந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவே, வாரம் ஒருமுறை நடக்க வேண்டிய தனிப்பேச்சை மேலாளர்கள் வாடிக்கையாளர் அழைப்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுகிறார்கள். கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு" என்கிறார்கள். கடைசியில் ஏப்ரலில் ஒரேயடியாகப் பழைய கணக்கையெல்லாம் நீட்டுகிறார்கள். ஒன்பது மாதம் மறைத்துவைத்த குறையைத் திருத்திக்கொள்ள ஊழியருக்கு வாய்ப்பு எங்கே இருந்தது? அந்தக் குறைக்காக ஊதிய உயர்வை வெட்டுவது எந்த நியாயம்?

இந்த மேலாளர்களுக்கும் இப்படிப் பேச யாரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மைதான். நன்றாக நிரல் எழுதியவரை, அந்தத் திறமைக்குப் பரிசாக, ஒருநாள் காலையில் பதினைந்து பேருக்குத் தலைவராக உட்காரவைக்கிறோம். இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் சில ஸ்லைடுகளைக் காட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம். கூகுள் நிறுவனம் 2008-ல் நல்ல மேலாளரை எது உருவாக்குகிறது என்று தன் ஊழியர்களிடமே ஆராய்ந்தபோது கண்டறிந்த எட்டுப் பண்புகளில் முதலிடம் பெற்றது, உடன் இருப்பவரைப் பயிற்றுவித்து வளர்க்கும் குணம். தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடத்தில்தான் வந்தது. நாமோ அந்த எட்டாவதை மட்டும் பார்த்துப் பதவி கொடுக்கிறோம். இதற்கு நிறுவனம்தான் பொறுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மேலாளரை விட்டுவிட முடியாது. பேசுவதற்குப் பயிற்சி தேவைப்படலாம். வேறொருவர் பெயரை அழித்துவிட்டு எழுதுவதற்குப் பயிற்சி தேவையில்லை.

மேலாளர்கள் மூடிய அறையில் உட்கார்ந்து, யாரை மேலே ஏற்றுவது, யாரைக் கீழே இறக்குவது என்று பேரம் பேசும் கூட்டத்துக்கு நார்மலைசேஷன் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் யார் பலியாவார்கள் என்பதை நுழைவதற்கு முன்பே சொல்லிவிடலாம். போன ஆண்டு பதவி உயர்வு பெற்றவர், பாதியில் வேறு குழுவிலிருந்து வந்தவர், சத்தம் போடாமல் வேலை பார்ப்பவர் ஆகியோர் வரிசையாகக் கீழே இறங்குவார்கள். இவர்களைவிடக் கொடுமை, மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய பெண்களுக்கு நடப்பது. 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு அவர்களுடைய உரிமையானது. அந்த உரிமையைப் பயன்படுத்திய பெண்ணிடம், "நீங்க ஆறு மாசம் இல்லையேம்மா, இருந்தவங்களுக்குத்தானே கொடுக்க முடியும்" என்று கூசாமல் சொல்கிறார்கள். சட்டம் கொடுத்ததை ரேட்டிங் வழியாகப் பிடுங்கிக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு பொருளில்லை. அந்தக் கூட்டத்தில் தம் குழுவிலிருந்த பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசாத மேலாளர், வெளியே வந்து "ரொம்பப் போராடினேன்" என்று சொல்வதைக் கேட்க நேர்ந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

மேலே எதுவும் செய்ய முடியாது என்பது பொய் என்பதற்கு ஒரு சான்று போதும். அதே ஊழியர் ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பிய மறுமணி நேரமே மேலாளர் ஓடிவருகிறார். "என்ன எதிர்பார்க்கிற, சொல்லு, பேசலாம்" என்கிறார். நேற்றுவரை இல்லாத பணம் இன்று வருகிறது. நேற்றுவரை அசையாத வளைவு இன்று வளைகிறது. மேலதிகாரியே காபிக்கு அழைக்கிறார். அப்படியானால் பணம் எப்போதும் இருந்திருக்கிறது, கேட்பதற்கான மனம்தான் இவருக்கு இல்லை. தொண்ணூறு நாள் நோட்டீஸ் காலம் முழுவதும் இந்தக் கெஞ்சல் நடக்கிறது. போகிறவரைப் பிடித்துவைக்கச் செலவழிக்கும் அக்கறையில் கால் பங்கை, இருந்தபோது காட்டியிருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார். கடைசியில் எவர் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறாரோ, அவருக்குத்தான் அடுத்த ஆண்டும் மூன்று கிடைக்கிறது.

நிறுவனங்களிடம் நான் கேட்பது கடினமானதல்ல. அப்ரைசல் அழைப்பில் ஊழியர் முதன்முறையாகக் கேள்விப்படும் எந்தக் குறையும் அந்த ஆண்டின் ரேட்டிங்கைக் குறைக்கக் கூடாது என்று விதி போடுங்கள். தனிப்பேச்சு எந்தத் தேதியில் நடந்தது, அதில் என்ன சொல்லப்பட்டது என்பதை இருவரும் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வையுங்கள். மூன்று மாதம் அப்படி ஒரு பதிவும் இல்லையென்றால், மேலாளரின் ரேட்டிங்கை முதலில் இறக்குங்கள். ரேட்டிங்கைப் பொறுத்து மாறும் ஊதியமான அவருடைய வேரியபிள் பே வெட்டப்பட்டதற்கான காரணத்தை, அவருடைய பெயரைச் சரியாக எழுதி, அவருக்கு நேரில் சொல்லுங்கள்.